புஷ்பா அக்காவின் உப்பு

புஷ்பா அக்கா போய்விட்டார். எங்கள் லேப் அசிஸ்டென்ட். இன்று விடிகாலை மண்ணச்சநல்லூர் வீட்டில் நெஞ்சுவலி... ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

அழுதுகொண்டேதான் டைப் செய்கிறேன். ஆனால் அவரை நினைத்தாலே அந்த ஒரு காலைப்பொழுதுதான் முன்னால் வந்து நிற்கிறது, சிரிப்பும் வந்துவிடுகிறது. மன்னியுங்கள்.

சிலந்தி நூல் மாதிரியான ஒரு புரதத்தை நாங்கள் பாக்டீரியாவுக்குள் வளர்த்து எடுக்கிறோம். அது தானாகவே ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு இழையாக வேண்டும். எட்டு மாதம் முயன்றேன். ம்ஹூம்... கடைசியில் மிஞ்சியது ஒரே ஒரு ட்யூப்.

அன்று நான் ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாணத்தில் இருந்தேன். போன் செய்து, "அக்கா, அந்த ட்யூப்ல கொஞ்சம் உப்புத் தண்ணி சேர்த்து பிரிட்ஜ்ல வச்சிடுங்க" என்றேன். நான் சொன்னது சாதா உப்பு. புரதம் கரைந்தபடியே இருக்கட்டும் என்று.

அக்காவுக்கு எங்கள் ஷெல்பில் இருந்த வெள்ளைப் பொடி எதுவானாலும் உப்புதான். கரைத்து வைத்த பாட்டில்கள் எல்லாவற்றிலும் தமிழில் "உப்பு" என்று அவரே எழுதி ஒட்டியிருப்பார். கைக்கு அகப்பட்டது பாஸ்பேட் என்கிற வேறொரு உப்பின் கரைசல். அதையும் தாராளமாக ஊற்றிவிட்டார்.

மறுநாள் காலை பார்த்தால், ட்யூபுக்குள் திரிதிரியாக வெள்ளையாய் ஏதோ மிதக்கிறது. போச்சு! லேப்பே அதிரக் கத்தினேன்.

"ரெண்டும் உப்புதானேம்மா?" என்றார் பாவமாக.

எதற்கும் பார்ப்போம் என்று ஒரு சொட்டை மைக்ரோஸ்கோப்பில் வைத்தேன்.

இழை! அத்தனையும் இழை! பாஸ்பேட் அந்தப் புரதத்தைத் தண்ணீரிலிருந்து விரட்டி, ஒன்றோடொன்று சேர வைத்திருக்கிறது. அக்காவைக் கட்டிக்கொண்டு குதித்தேன்.

அவர் மைக்ரோஸ்கோப்பின் ஸ்கிரீனையே பார்த்துக்கொண்டு நின்றார். "யாருமே திரிக்கலையேம்மா... தானாவா சேர்ந்துச்சு?" அன்று மட்டும் பத்துத் தடவை கேட்டிருப்பார். வாட்ச்மேனைக்கூடக் கூட்டி வந்து காட்டினார்.

மாலையில் லேப் நோட்டில் "பாஸ்பேட் சேர்க்கப்பட்டது" என்று எழுதினேன். அக்கா எட்டிப் பார்த்தார். "யாரு சேர்த்தாங்கன்னு எழுதலையே. என் பேரைப் போடும்மா. தப்பாச் சேர்த்தாங்கன்னே போடு, பரவால்ல."

சிரித்து மழுப்பிவிட்டேன். அப்புறம் வேலை மேல் வேலை... போடவே இல்லை. வெட்கமாக இருக்கிறது.

இன்று லேப்புக்கு வந்ததும் அந்தப் பக்கத்தைத் தேடி எடுத்து எழுதினேன். சேர்த்தவர்: மா. புஷ்பா. தப்பாக என்று எழுதவில்லை.

பேரைப் போட்டுட்டேன் அக்கா. போயிட்டு வாங்க.