கீழ்த் தட்டும் ஒரு தூக்குவாளியும்

எங்கள் வீட்டில் பிளாஸ்டிக் கவர்களைப் போட்டு வைக்க ஒரு பிளாஸ்டிக் கவர் உண்டு. ஐஸ்கிரீம் டப்பாக்களின் குடித்தனம் தனி. ஐஸ்கிரீமைத் தின்பது நான். டப்பாவைக் கழுவிக் கவிழ்ப்பது என் மனைவி. சமையலறை கொள்ளாமல் போனபோது அவள் கண் என் புத்தக அலமாரியின் கீழ்த் தட்டில் விழுந்தது. அங்கே இருப்பவை தடித்த புத்தகங்கள். வாங்கிய நாளிலிருந்து நான் பெரிதும் மதிப்பவை; பிரித்ததில்லை.

“டப்பாவுக்காச்சும் அந்த எடம் உதவட்டும்” என்றாள்.

கவர் வாங்காமலே கடைக்குப் போய்வரலாம், வீட்டில் பிளாஸ்டிக் சேராது, தட்டும் தப்பும் என்று பிரசங்கம் செய்தேன்.

“எங்க, ஒரு தடவ போய்ட்டு வாங்க. ஒரு கவர் உள்ள வந்தாலும் தட்டு எனக்கு.”

ஒப்புக்கொண்டேன். ஆடி மாத ஞாயிறு ஒன்றில், பெரிய எவர்சில்வர் தூக்குவாளியைத் தேய்த்து, வாங்கப்போகும் பருப்பில் வண்டு வராமலிருக்க நாலு கொத்து வேப்பிலை போட்டு, கை உறுத்தாமல் கைப்பிடியில் மஞ்சப்பையைச் சுற்றி, ஆனையூரிலிருந்து காளவாசலுக்குப் புறப்பட்டேன். சுற்றுச்சூழலைக் காக்கப் போகிறவனுக்குரிய முகத்தையும் வைத்துக்கொண்டேன்.

சூப்பர் மார்க்கெட் வாசலில் காவலாளி மறித்தார். “பாத்திரம்லாம் உள்ள விட மாட்டாங்க சார். இங்கன வச்சிட்டு மேனேஜரைக் கேளுங்க.”

ஸ்டூல் மேல் தூக்குவாளியை வைத்துவிட்டு உள்ளே போனேன். மேனேஜருக்கு என் மகன் வயதுதான் இருக்கும். “அண்ணே, கவர்ல போட்டாத்தான் ஸ்டிக்கர் ஒட்ட முடியும்” என்றார். நான் கடலில் மிதக்கும் குப்பையிலிருந்து ஆரம்பித்து வைகைக்கு வந்து சேர்வதற்குள் அவர் களைத்துவிட்டார். “தட்டுல எடை போட்டு, ஸ்டிக்கரை உங்க கையில ஒட்டிவிடச் சொல்றேண்ணே. பாத்திரத்த எடுத்துட்டு வாங்க.”

வெற்றியோடு வாசலுக்கு வந்தேன். தூக்குவாளி நிறைந்திருந்தது. கம்பு மாவு பாக்கெட், கேழ்வரகு மாவு பாக்கெட், மேலே ஒரு கிலோ பச்சரிசி. எல்லாம் பளபளவென்று பிளாஸ்டிக்கில். ஆடி மாதம், வேப்பிலை, மஞ்சள் துணி, வாசலில் பாத்திரம்: அம்மனுக்குக் கூழ் ஊற்றத் தானியம் கேட்கிறார்கள் என்று போகிறவர் வருகிறவர் எல்லாம் போட்டிருக்கிறார்கள். என் கண் முன்னாலேயே ஓர் அம்மா பை திறந்து ஒரு பாக்கெட்டைப் போட்டு, கண்ணில் ஒற்றிக்கொண்டு ஆட்டோ ஏறினார்.

“ஏண்ணே, நீங்க சொல்லக் கூடாதா?” என்றேன் காவலாளியிடம்.

“நானே ஒண்ணு போட்டேன் சார். ஆத்தா காரியம்னு நெனச்சேன். திருப்பித் தராதீங்க, அது நல்லால்ல.”

யாரிடம் திருப்பித் தருவது? பருப்புக்கும் இடமில்லை. தூக்குவாளியோடு பஸ் ஏறினேன். வேப்பிலையைப் பார்த்ததும் ஒருவர் எழுந்து எனக்கு இடம் கொடுத்தார்.

வீட்டில் மனைவி பாக்கெட்டுகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்தாள். “ஒரு கவருக்கே பந்தயம். இம்புட்டா?”

“இது நான் வாங்கினதில்ல. அம்மனுக்கு வந்தது.”

“அப்ப அம்மனுக்கே ஊத்துங்க.”

வெள்ளிக்கிழமை தெருமுனை அம்மன் கோயில் வாசலில் கூழ் ஊற்றினோம். கிண்டியது நான். வியர்வை கூழில் விழாமல் பார்த்துக்கொண்டது என் தனிப்பட்ட சாதனை. சொம்போடு வந்தவர்கள் சொம்பில் வாங்கினார்கள். வெறுங்கையோடு வந்தவர்களுக்கு மனைவி வீட்டிலிருந்து டப்பாக்களைக் கொண்டுவரச் செய்தாள். வெனிலா, பட்டர்ஸ்காட்ச் என்று எழுதிய டப்பாக்களில் தெருவே கூழ் குடித்து, அங்கேயே கழுவித் திருப்பிக் கொடுத்தது.

“மூணு வருசம் விடாமச் செய்யணும், தெரியும்ல?” என்றார் பூசாரி.

“செஞ்சிருவோம்” என்றாள் மனைவி.

பந்தயத்தைப் பற்றி அவள் அப்புறம் பேசவே இல்லை. அம்மனுக்குக் கூழ் ஊற்றிய டப்பாக்கள் தரையில் கிடக்கலாமா என்று மட்டும் கேட்டாள். புத்தகங்களை நானே எடுத்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். தள்ளும்போது ஒன்று தானாகப் பிரிந்துகொண்டது. முன்னுரை நன்றாகத்தான் இருந்தது.