பாதி தூக்கில் உடைந்த பேரிங்

எங்கள் டிராக்டரின் பின்பக்க பேரிங் மூன்றாவது தடவை உடைந்தபோது எனக்குச் சந்தேகமே இல்லை. கடைக்காரன் டூப்ளிகேட் பேரிங்கைத் தலையில் கட்டிவிட்டான். மெக்கானிக்கல் இன்ஜினியரிங்கை அரியர் இல்லாமல் முடித்தவன் சொல்கிறேன் (இரண்டு இருந்தது, அதை விடுங்கள்).

முசரவாக்கத்தில் எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் எல்லாரும் அடுத்தவர் கழனியில் இறங்கி வேலை செய்தவர்கள். டிராக்டர்தான் எங்களுக்கென்று வந்த முதல் பெரிய பொருள். அண்ணன் ஓட்டுவான். அண்ணி ஆர்டர் பிடிப்பார், கிரீஸ் அடிப்பார், நட்டு போல்ட்டெல்லாம் முடுக்குவார். கல்யாணத்துக்கு முன்னால் காஞ்சிபுரத்தில் கூலிக்குப் பட்டு நெய்தவர். நான் ஆலோசனை சொல்வேன்.

விஷயம் இதுதான். டிராக்டர் பின்னால் ஒரு தண்டு சுழலும். பி.டி.ஓ. என்பார்கள். அதிலிருந்து ஒரு நீள ஷாஃப்ட் ரோட்டவேட்டருக்குப் போகும், ரோட்டவேட்டர் நடவுக்கு முன்னால் சேற்றைக் கலக்கும். சேடை ஓட்டுவது என்றால் அதுதான். அந்தத் தண்டைத் தாங்குகிற பேரிங்தான் போய்க்கொண்டே இருந்தது. முதலாவது பத்து நாள் உழைத்தது. இரண்டாவது ஒரு வாரம். மூன்றாவது, தென்னேரியில் ஒரு பெரியவரின் கழனியில் பாதி ஓட்டும்போதே கரகரவென்று கத்திவிட்டுச் செத்தது.

பெரியவர் அன்றைக்கே போன் செய்தார்.

"நாத்து முத்திக்கினு இருக்குதுபா. நாளைக்கு மத்தியானத்துக்குள்ள சேடை ஓட்டி முடிக்கலன்னா வாலாஜாபாத் வண்டிய வரச் சொல்லிடுவேன். அப்புறம் ஏரிக்குக் கீழ எல்லாக் கழனிக்கும் அவன்தான், ஆமா."

ஏரிக்குக் கீழே இருக்கிற கழனிகள்தான் எங்கள் வருஷத்துச் சோறு. போனை வைத்த அண்ணன் முகம் பார்க்கச் சகிக்கவில்லை.

பட்டறையில் மெக்கானிக் நான்காவது பேரிங்கைத் தட்டி ஏற்றிக்கொண்டிருந்தார். நான் டூப்ளிகேட் பற்றி ஒரு செமினாரே எடுத்துக்கொண்டிருந்தேன். அண்ணி ஒரு பிளாஸ்டிக் டப்பாவோடு வந்தார். உடைந்த மூன்று பேரிங்கையும் தூக்கிப் போடாமல் எடுத்து வைத்திருக்கிறார்!

"தம்பி, கொஞ்சம் வாய மூடிக்கினு இதப் பாருப்பா. குண்டு ஓட்ற பள்ளம் ஒரு பக்கமாவே தேஞ்சிருக்குது. மூணுலயும் அதே பக்கம்."

"அதான் அண்ணி, மட்டமான சரக்கு..."

"மட்டமான சரக்கு மூணும் ஒரே மாதிரியா மட்டமா இருக்கும்? தறியில ஒரே எடத்துல மூணு தபா நூல் அறுந்தா நூல மாத்திக்கினே இருப்பியா, எது ஒரசுதுன்னு பாப்பியா? இந்தத் தண்ட எதுவோ பின்னாலேர்ந்து முன்னால தள்ளிக்கினே இருக்குது."

மெக்கானிக் தலையை ஆட்டினார். "நானும் அப்டி நெனச்சேம்மா. ஷாஃப்ட் நீளமா இருந்தா இடிக்கும். ஆனா ரோட்டவேட்டர தரையில எறக்கிப் பாத்தேன், ஃபுல்லா தூக்கியும் பாத்தேன். எடம் இருக்குது."

அண்ணி அண்ணனைப் பார்த்துத் திரும்பினார். "வரப்பாண்ட திருப்பும்போது எவ்ளோ தூக்குவீங்க?"

"பாதிதான்."

"ஏன் பாதி?"

அண்ணன் கொஞ்சம் நெளிந்தான். "வரப்புல பெரியவங்க நிக்கிறாங்கல்ல? சின்னக் கழனி, நிமிஷத்துக்கு ஒரு தபா திருப்பணும். ஒவ்வொரு வாட்டியும் பி.டி.ஓ.வ நிறுத்திக்கினு இருந்தா வேல ஆவாது. சுத்திக்கினு இருக்கும்போது முழுசா தூக்கினா சேறு அவங்க வேட்டியில போய் அடிக்கும். நல்லாவா இருக்கும்?"

வரப்பில் நிற்பவரின் வெள்ளை வேட்டிக்காக ஒரு டிராக்டரையே பாதி உயரத்தில் ஓட்ட எங்கள் வீட்டு ஆளால்தான் முடியும். சொந்த நிலத்தில் பிறந்து வளர்ந்தவன் தூக்கிக்கொண்டு போய்க்கொண்டே இருந்திருப்பான்.

பேரிங் ஏறியதும் அண்ணி ஷாஃப்டை மாட்டச் சொன்னார். ஷாஃப்ட் என்பது ஒன்றுக்குள் ஒன்று நுழைகிற இரண்டு குழாய்தான். வெளிக்குழாயின் வாய்க்கும் உள்குழாயின் அடி மூட்டுக்கும் நடுவே தெரிந்த இடத்தைத் துணியால் துடைத்தார். பர்ஸிலிருந்து ஸ்டிக்கர் பொட்டு அட்டையை எடுத்து, விரல் இடைவெளியில் மூன்று பொட்டு ஒட்டினார். மெக்கானிக் சிரித்துவிட்டார். "வண்டிக்கு வளைகாப்பாம்மா?"

"இருங்கண்ணா. பி.டி.ஓ. வேணாம், லிஃப்ட மட்டும் தூக்குங்க."

ரோட்டவேட்டர் தரையில் இருந்தபோது மூன்று பொட்டும் தெரிந்தன. அண்ணன் மெதுவாகத் தூக்கினான். வெளிக்குழாய் நகர்ந்து வந்தது. ஒரு பொட்டு போனது. இரண்டாவது போனது. தண்டும் ரோட்டவேட்டரும் நேருக்கு நேர் வந்த உயரத்தில், சரியாகப் பாதி தூக்கில், மூன்றாவதும் கிழிந்து குழாய் மூட்டில் டங்கென்று இடித்தது. இன்னும் தூக்கியதும் குழாய் விலகி இடம் திரும்ப வந்துவிட்டது. பட்டறையில் எத்தனை தடவை பார்த்தாலும் மேலேயும் கீழேயும்தான் பார்த்தார்கள். கழனியில் திருப்பும்போதெல்லாம் ரோட்டவேட்டர் நின்றது நடுவில்.

"இந்த ஷாஃப்ட் யாரு வாங்கினது?" என்றார் மெக்கானிக்.

பழையது முறுக்கிக்கொண்டபோது செகண்ட்ஹேண்டில் இதைத் தேடி வாங்கியது நான். நீளமாக இருந்தால் பிடிப்பு அதிகம் என்று படம் வரைந்து விளக்கியதும் நான். குனிந்து ஸ்பேனரைத் தேடினேன். அண்ணியும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. "எவ்ளோ அறுக்கணும்ணா?" என்று மட்டும் கேட்டார்.

இரண்டு குழாயிலும் நான்கு விரற்கடை அறுத்து, பிசிறை ராவி, கிரீஸ் தடவி மாட்டினோம். பிசிறு ராவியது நான். அவ்வளவு பவ்யமாக எந்த லேபிலும் நான் வேலை செய்ததில்லை.

மறுநாள் விடிந்ததும் தென்னேரி. அரைமணிக்கு ஒரு தரம் அண்ணி வண்டியை நிறுத்தச் சொல்லி, பேரிங் இருக்கிற இடத்தில் புறங்கையை வைத்துப் பார்த்தார். சூடு இருந்தது, கை பொறுக்கிற சூடு. சத்தம் இல்லை. பதினோரு மணிக்குக் கழனி முழுக்கக் குழம்பாகிவிட்டது. நடவு ஆட்கள் நாற்றுக் கட்டோடு இறங்கினார்கள்.

பெரியவர் அண்ணனிடம் வந்தார். "மேலண்ட ரெண்டு கழனியும் இருக்குது. நாளைக்கே ஓட்டிடுறியா?"

அண்ணன் சீட்டை விட்டு இறங்காமலே கையைக் காட்டினான். "அவங்களக் கேளுங்கய்யா."

பெரியவர் ஒரு நொடி யோசித்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சேற்றில் நாலடி நடந்து அண்ணியிடம் போனார். "இன்னாம்மா, நாளைக்கு வண்டி வருமா?"

அண்ணி கையில் இருந்த கிரீஸைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "சாயங்காலம் கழட்டி ஒரு தபா பாத்துட்டு சொல்றங்கய்யா."

"சரிம்மா" என்றார் பெரியவர். "போனுக்கு பக்கத்துலயே இருக்கேன்."