விடுதிக்காரர் சொன்ன கதை

மலையடிவார விடுதியில் அறைகளைச் சுத்தம் செய்பவள் அவள். அவள் புருஷன் அங்கேயே வழிகாட்டியாக இருந்தான். தங்க வருகிறவர்களைக் காட்டுப்பாதை வழியாக உச்சிப்பாறைவரை நடத்திக் கூட்டிப்போய் வருவான். போன மழைக்காலத்தில் பாறை விளிம்பிலிருந்த கம்பித்தடுப்பு பெயர்ந்து, அதோடு அவனும் போய்விட்டான். துருப்பிடித்த அந்தத் தடுப்பை மாற்றச் சொல்லி முதலாளியிடம் தலைபாடாய் அடித்துக்கொண்டவனே அவன்தான்.

இப்போது அந்த இடத்தைப் பார்க்கவே ஆட்கள் வந்தார்கள். நடந்துவிட்டு வந்த ஒருத்தி, சேற்று ஷூவைக் கழற்றியபடி அவளிடமே சொன்னாள்: "பாவம், குடிச்சுட்டுப் போய் விழுந்துட்டானாமே. ஓனர்தான் சொன்னாரு."

ஒரு சொட்டு தொடாத மனுஷன். அவள் கையிலிருந்த துடைப்பத்தோடு நேரே முதலாளி முன்னால் போய் நின்றாள்.

"கம்பி இத்துப்போச்சுன்னு சொன்னா எவன் வருவான்?" அவர் தலை நிமிரவில்லை. "நீயும் உன் பொண்ணும் பின்பக்க ரூம்ல வாடகையில்லாமத்தானே இருக்கீங்க. இருக்கணுமா, வேணாமா?"

மறுநாள் ஓர் அறையில் படுக்கை விரிப்பை மாற்றும்போது, அங்கே தங்கியிருந்தவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"ஏம்மா, அந்த வழிகாட்டி நெஜமாவே குடிகாரனா?"

அவள் தலையணைக்கு உறை மாட்டி முடித்தாள்.

"ஆமாங்க. எந்நேரமும் குடிதான்."

"அதானே பார்த்தேன்" என்று அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு பாறையைப் பார்க்கக் கிளம்பினார்.