ஒரு மணி மாத்திரை

சவுரியப்பன் முப்பத்தோரு வருடம் மொரப்பூர் பக்கம் ரயில் தண்டவாளம் பார்த்தவர். ஓய்வு பெற்ற பிறகு பார்க்க ஒன்றுமில்லாமல் தவித்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் மனைவி தெரசாவுக்கு ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்தது. ஒரு வாரம் இருவருக்கும் சோறு இறங்கவில்லை. பிறகு மருத்துவர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். நர்ஸ் கலைமதி உட்காரவைத்து விளக்கினாள்.

“தினம் ஒண்ணு. சாப்பிட்டதும், பெரிய டம்ளர் நிறைய தண்ணியோட. உடைக்கக் கூடாது, பொடிக்கக் கூடாது. மத்தவங்க யாரும் தொட வேண்டாங்க. முக்கியமா கர்ப்பமா இருக்கறவங்க.”

மருமகள் தேவிப்பிரியாவுக்கு அப்போது ஐந்தாம் மாதம். சவுரியப்பன் மாத்திரையை பிஸ்கட் டப்பாவில் போட்டு பீரோவுக்குள் வைத்துப் பூட்டினார். தினமும் ஒரு மணிக்கு டப்பாவை வெளியே எடுக்கும்போது, “தேவி, தள்ளிப் போம்மா!” என்று தெருவே கேட்கக் கத்துவார். அட்டையிலிருந்து மாத்திரையைக் கை படாமல் சின்னக் கிண்ணத்தில் தள்ளுவார். தெரசா விழுங்கி முடித்ததும், “வாயைத் திற” என்பார்.

“நான் என்னா குழந்தையாங்க?” என்பாள் தெரசா. ஆனாலும் திறப்பாள்.

ஒரு நாள் தெரசாவின் அக்கா செல்லி, முழங்காலைப் பிடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். “பெரிய ஆஸ்பத்திரி மாத்திரையாமே. எனக்கு ஒண்ணே ஒண்ணு குடேன், தெரசா. முட்டி வலி உயிர் போவுது.”

யார் கேட்டாலும் இல்லை என்று சொல்லத் தெரியாத தெரசா பீரோ சாவியைத் தேடினாள். சவுரியப்பன் குளியலறையிலிருந்து சோப்பு நுரையோடு ஓடிவந்தார். “அது முட்டிக்கு இல்லீங்க! தின்னீங்கன்னா உங்களையும் தூக்கிட்டு ஓடணும்!” செல்லி கோபித்துக்கொண்டு எழுந்து போனாள். போன வேகத்தில் முட்டி வலி இருந்ததாகத் தெரியவில்லை.

அந்த மாதமே அரூரில் உறவுக்காரர் கல்யாணம். மணி பன்னிரண்டே முக்கால். மண்டபத்தில் பந்தி போடவில்லை. சவுரியப்பன் நேராக சமையற்கட்டுக்குப் போனார்.

“பொண்ணு மாப்பிள்ளை இன்னும் சர்ச்சுல இருந்தே வரலீங்க” என்றான் சமையல்காரன் அன்பு.

“அவங்க மெதுவா வரட்டும். எங்களுக்கு ஒரு மணிக்கு மாத்திரை.”

தெரசா முக்காட்டை இழுத்து முகத்தை மறைத்தாள். ஆனால் பிரியாணி வாசனைக்கு வெட்கம் தாங்கவில்லை. சாக்கு மூட்டை மேல் உட்கார்ந்து இரண்டு தட்டு சாப்பிட்டாள். ஒரு மணிக்கு மாத்திரை. ஒன்று பத்துக்கு மண்டபத்தின் பின்புறம் ஓடி, எல்லாவற்றையும் வாந்தி எடுத்துவிட்டாள்.

சவுரியப்பன் குனிந்து, பட்டப்பகலிலும் செல்போன் டார்ச்சை அடித்துத் தரையை ஆராய்ந்தார்.

“ஐயோ, என்னா பண்றீங்க?”

“மாத்திரை வெளிய வந்துச்சா, உள்ளயே இருக்குதான்னு தெரியணுமில்ல?” தெரியவில்லை. பதற்றத்தில் இன்னொரு மாத்திரையைத் தள்ள அட்டையை எடுத்துவிட்டார்.

தெரசா அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். “இருங்க. நர்சம்மாவக் கேளுங்க மொதல்ல.”

பிரியாணி சாப்பிட்டதும் வாந்தி என்று கேட்ட கலைமதி, போனில் தெளிவாகச் சொன்னாள்: “திரும்பக் குடுத்துடாதீங்க. நாளைக்கு வழக்கமான நேரத்துக்குக் குடுங்க போதும். வாந்தி நிக்கலைன்னா, காய்ச்சல் வந்தா, உடனே கூப்பிடுங்க. அப்புறம் இந்த பிரியாணிய கொஞ்சம் கம்மி பண்ணச் சொல்லுங்க.”

“ரெண்டு தட்டுன்னு உங்களுக்கு யாரும்மா சொன்னது?” என்று சவுரியப்பன் உளறினார். தெரசா தலையில் அடித்துக்கொண்டாள்.

மூன்று மாதம் கழித்து ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. மருத்துவர் சிரித்தார். நோய் நன்றாகக் குறைந்திருந்தது.

“அப்போ நிறுத்திடலாங்களா?” என்றார் சவுரியப்பன்.

“மாத்திரையாலதான் குறைஞ்சிருக்கு. நீங்களா நிறுத்தவே கூடாது.”

தெரசா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். “டாக்டர், மாத்திரை இருக்கட்டுங்க. இவர பகல்ல ரெண்டு மணி நேரம் வேற வூட்டுல வெச்சுக்கச் சொல்லி ஒரு சீட்டு எழுதித் தர முடியுங்களா?”