கசினோ ஊரில் ஒரு சிக்கன விடுமுறை

என் கணவர் ரயிலுக்கான அரைவிலைக் கார்டை வாங்கிய நாளோடு எங்கள் வீட்டு நிம்மதி போயிற்று. வருடத்துக்கு ஒருமுறை காசைக் கட்டினால் சுவிஸ் முழுவதும் பாதி விலைக்குப் போகலாம் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, எனக்கும் சேர்த்து வாங்கி வந்துவிட்டார். தொழிற்சாலைக்கு நடந்து போகிற மனிதருக்கு ரயில் கார்ட் எதற்கு என்று நான் கேட்டேன். நான் கேட்ட பிறகுதான் அது அவருக்கே உறைத்தது. பிசைந்த சோற்றைத் தட்டில் போட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"இஞ்சை பாரும், உந்தக் கார்டிலை ஒரு இடமும் போகாட்டில் எங்களுக்குத்தான் நட்டம். எவ்வளவு தூரம் போறமோ அவ்வளவு லாபம்."

"அப்ப பாரிசுக்குப் போவமோ?"

"விசர்க் கதை கதையாதையும். எங்களுக்கு விசா ஆர் தாறது?"

எண்பதுகளின் கடைசிப் பகுதி அது. ஷ்லீரன் என்ற சிறிய ஊரில் தொழிற்சாலைப் புகைபோக்கியைப் பார்த்தபடி ஓர் அறை வீட்டில் இருந்தோம். நான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஒரு குளிர்காலத்தைக் கடந்திருந்தேன். பின்னேரங்களில் அலுவலகங்களைக் கூட்டித் துடைக்கும் வேலை. கலியாணம் கட்டியதிலிருந்து நாங்கள் இருவருமாக எங்கேயும் போனதில்லை. ஆகவே கார்டின் நட்டத்தை நினைத்து அவர் கவலைப்பட்டபோது எனக்கு உள்ளூரச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

எங்கே போவது என்பதை அவருடன் வேலை செய்த ஓர் இத்தாலியர் தீர்த்து வைத்தார். கசினோ இருக்கிற ஊர்களில் தங்குமிடமும் சாப்பாடும் மலிவு என்றும், சூதாட வருகிறவர்கள் விட்டுவிட்டுப் போகிற காசில்தான் அந்த ஊர்கள் ஓடுகின்றன என்றும் அவர் சொல்லியிருக்கிறார். அமெரிக்காவில் எங்கோ ஓர் ஊரைப் பற்றி அவர் சொன்ன கதை அது. என் கணவர் அதைச் சுவிசுக்கு இறக்குமதி செய்துவிட்டார்.

"சூதாடிறவன்ர காசிலை சூதாடாதவன் சாப்பிடலாம். தருமர் விளையாடேக்கை பக்கத்திலை நிண்டு பாத்தவனுக்கு ஒரு நட்டமும் இல்லையே?"

"திரௌபதி நட்டப்பட்டவதானே?"

அவர் ரயில் அட்டவணையை விரித்தார். மலையடிவார ஊரான இன்டர்லாக்கனில் ஒரு கசினோ இருந்தது. அங்கே ஒரு ஹோட்டலின் சமையல் குசினியில், என் கணவரோடு முன்பு ஒரே அறையில் இருந்த நண்பர் வேலை செய்துகொண்டிருந்தார். மாடியில் தன்னுடைய அறை இருக்கிறது என்றும், கூட இருப்பவன் லீவில் போகிறான் என்றும், தான் குசினியில் படுத்துக்கொள்வதாகவும் அவர் போனில் சொன்னார். தங்கும் செலவு ஒழிந்தது. பிறகு மற்றச் செலவுகளையும் இவர் ஒவ்வொன்றாக ஒழிக்கத் தொடங்கினார். சீசன் தொடங்க முதல் போகவேண்டும். தண்ணீர் வாங்கக்கூடாது, தெருவோரக் குழாயில் பிடிக்கவேண்டும். மலை ரயிலில் ஏறக்கூடாது. மலையைக் கீழே நின்று பார்த்தால் போதும்.

"மலையிலை ஏறி நிண்டால் மலை தெரியுமோ? கீழை நிண்டால்தான் மலை தெரியும்" என்றார். 

சாப்பாட்டுக்கு ரைஸ் குக்கரைக் கொண்டுபோவதென்று முடிவாயிற்று. பெட்டிக்குள் வைத்தால் நெளிந்துவிடும் என்று, வெள்ளைத் துவாயால் சுற்றி மடியில் வைத்துக்கொண்டார். ரயிலில் எங்கள் முன்னால் ஒரு சுவிஸ் மூதாட்டி இருந்தார். அவர் எங்களைப் பார்த்தார், துவாய் சுற்றிய உருண்டையைப் பார்த்தார், இவர் அதை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்தார். பெர்ன் கழிந்ததும் முன்னால் சரிந்து மெதுவாக, "லெட்ஸ்டே றைஸே?" என்று கேட்டார்.

இவருக்கு ஜேர்மன் அவ்வளவு வராது. ஆனால் அரிசிக்கு 'றைஸ்' என்று சொல்வது தெரியும். முகம் மலர்ந்துபோய், "யா, யா! றைஸ்!" என்று குக்கரைத் தட்டிக் காட்டினார்.

நான் சனிக்கிழமைகளில் ஜேர்மன் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். 'றைஸே' என்றால் பயணம். அந்த மனுஷி கேட்டது, "கடைசிப் பயணமா?" என்று. துவாய்க்குள் யாரோ எங்கள் உறவினரின் அஸ்தி இருக்கிறது என்று நினைத்துவிட்டார். விளக்கம் சொல்ல நான் சொற்களைத் தேடி அடுக்குவதற்குள் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. என் கையைப் பிடித்து அழுத்தினார். பையிலிருந்து ஒரு பெரிய சொக்லேற் கட்டியை எடுத்து என்னிடம் தந்துவிட்டு, அடுத்த ஸ்ரேஷனில் இறங்கும்போது குக்கரை நோக்கித் தலை குனிந்தார்.

"நல்ல சனம்" என்றார் என் கணவர் சொக்லேற்றை உடைத்தபடி. "சோத்தை மதிக்கத் தெரிஞ்ச சனம்."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஆனால் காரணத்தை அன்று சொல்லவில்லை. அதைச் சொன்னால் அந்தக் குக்கரில் பிறகு சோறு சமைக்க விடமாட்டார்.

இன்டர்லாக்கனில் ஹோட்டலின் பின்வாசலில், குப்பைத் தொட்டிகளின் பக்கத்தில், நண்பர் எங்களுக்காகக் காத்து நின்றார். முகம் பேயறைந்தது போல இருந்தது. லீவில் போகவேண்டிய அறைக்காரன், காலையில் ஈரத் தரையில் வழுக்கி விழுந்து கையை முறித்துக்கொண்டான். அவன்தான் கோப்பை கழுவுகிறவன். இப்போது கட்டுப் போட்ட கையோடு மேலே அறையில் படுத்திருக்கிறான். அன்று மத்தியானமே ஒரு பஸ் நிறைய ஜப்பானியர்கள் வந்து இறங்கப் போகிறார்கள்.

"மச்சான், குறை நினையாதை" என்று அவர் தொடங்கியபோதே குசினிக் கதவு திறந்தது. உயரமான வெள்ளைத் தொப்பியுடன் பெரிய ஷெஃப் வெளியே வந்தார். என் கணவரைக் கண்டதும் வானத்தைப் பார்த்துக் கடவுளுக்கு நன்றி சொன்னார். நண்பர் எங்கிருந்தோ ஆள் பிடித்து வந்துவிட்டார் என்று எண்ணிவிட்டார் போலும்.

"நைன், நைன், பேரியன்!" என்றார் இவர். இல்லை, விடுமுறைக்கு வந்திருக்கிறோம் என்று அர்த்தம்.

"யா, யா, பேரியன். முதலில் கோப்பைகள், பிறகு பேரியன்" என்ற ஷெஃப், இவருடைய கையிலிருந்த குக்கரை வாங்கி என்னிடம் தந்தார். ஓர் ஏப்ரனை எடுத்து இவர் கழுத்தில் மாலை போடுவதுபோலப் போட்டார். அப்போதுதான் நான் அங்கே நிற்பதைக் கவனித்தார். நண்பர் அவசர அவசரமாக எங்கள் நிலைமையை விளக்கினார். ஷெஃப் கொஞ்சம் யோசித்தார். சீசன் தொடங்கவில்லை, மூன்றாம் மாடியில் அறைகள் சும்மா கிடக்கின்றன. பஸ்ஸில் வருகிறவர்கள் போகும்வரை இவர் கோப்பை கழுவினால், மனைவிக்கு நல்ல அறை, இருவருக்கும் சாப்பாடு, மேலே ஒரு தொகை கையில்.

என் கணவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் வெட்கமும் இருந்தது, அதை மேவிக்கொண்டு பெரிய ஆனந்தமும் இருந்தது.

"எனக்கு அறையும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம். திரும்பிப் போவம்" என்றேன்.

"சும்மா இரும். திரும்பிப் போனால் ரிக்கெற் காசு?"

இப்படித்தான் என் முதலாவது விடுமுறையில், துவாய் சுற்றிய குக்கரோடு நான் தனியாக லிஃப்டில் ஏறினேன்.

அறையைத் திறந்துவிட்ட பணிப்பெண் திரையை இழுத்ததும் என் கோபத்தில் பாதி போய்விட்டது. பலகணிக்கு நேர் எதிரே மலை. பால் பொங்கி உறைந்ததுபோல வெள்ளை. நான் அதை எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டு நின்றேனோ தெரியாது. பின்னேர இடைவேளையில் இவர் மேலே வந்தார். விரல்கள் ஊறிச் சுருங்கியிருந்தன. உடம்பெல்லாம் உருகிய சீஸ் மணம்.

"மலையைப் பாருங்கோ" என்றேன்.

"ஓம், நல்லாயிருக்கு" என்றார் கட்டிலில் விழுந்தபடி. கண் அதற்கு முன்பே மூடிவிட்டது. சப்பாத்தை நான்தான் கழற்றினேன்.

ஹோட்டல் அறையில் தங்குகிறவள் என்பதால் வரவேற்பு மேசைப் பெண் எனக்கும் ஒரு விருந்தாளி அட்டையைத் தந்தாள். அதைக் காட்டினால் கசினோ மண்டபத்தில் பின்னேர இசைக் கச்சேரி இலவசம். மறுநாள் எனக்குப் பொழுது போகவில்லை. கூறைச் சேலையை உடுத்து, மேலே கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு போனேன். எனக்கு முன்னால் போன இரண்டு இளைஞர்களைக் கழுத்துப்பட்டி இல்லை என்று வாசற்காரர் திருப்பி அனுப்பினார். சேலைக்கு என்ன செய்வார்களோ என்று பயந்தேன். அவர் குனிந்து வணங்கிக் கதவைத் திறந்தார்.

கச்சேரியில் வயலின்கள் அழுதன. பக்கத்து மண்டபத்தில்தான் விளையாட்டு. பெரிய கிண்ணம் போன்ற மேசையில் ஒரு ரப்பர் பந்தை உருட்டிவிடுவார்கள். அது ஒன்று முதல் ஒன்பது வரையான குழிகளில் ஒன்றில் விழும். ஐந்து பிராங்குக்கு மேல் யாரும் வைக்க முடியாது, அதுதான் சட்டம். இவ்வளவுக்குத்தானா தருமரின் நாடு போயிற்று என்று நினைத்துக்கொண்டேன். என் கைப்பையில் அவசரத்துக்கென்று ஓர் ஐந்து பிராங் நாணயக் குத்தி இருந்தது. நவக்கிரகங்களை நினைத்து ஒன்பதில் வைத்தேன். பந்து சுற்றிச் சுற்றி, இரண்டு குழிகளை எட்டிப் பார்த்து, மனம் மாறி ஒன்பதில் விழுந்தது. நீண்ட துடுப்பால் குத்திகளை என் பக்கம் தள்ளிவிட்டார்கள். இன்னொருமுறை வை என்று மனம் சொன்னது. அதைக் கேட்காமல் எழுந்து வந்துவிட்டேன். சிக்கனக்காரரோடு வாழ்ந்ததில் கிடைத்த ஒரே பலன் அது.

அடுத்த நாள் அந்தக் காசில் குதிரை வண்டி பிடித்தேன். கசினோவுக்கு முன்னால் வரிசையாக நிற்கும் அந்த வண்டிகளை வந்த நாளிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தேன். சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்துக்கொண்டு, முழங்காலில் கம்பளியுடன் நிமிர்ந்து இருந்தேன். ஜப்பானியர்கள் என்னைப் படம் எடுத்தார்கள். நானும் கையசைத்தேன். எந்த நாட்டு ராணி என்று நினைத்தார்களோ! வண்டிக்காரர் பெரிய தெருவைச் சுற்றிவிட்டுச் சிறிய தெருவில் திரும்பினார். அது எங்கள் ஹோட்டலின் பின்பக்கம்.

என் கணவர் ஏப்ரனோடு, இரண்டு கையிலும் கழிவு வாளிகளோடு நின்றார். முதலில் குதிரையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். வாளிகளைப் போட்டுவிட்டு வண்டியின் பின்னால் ஓடி வந்தார்.

"இறங்கும்! இறங்கும்! எவ்வளவு கேட்டவன்?"

"பயப்பிடாதையுங்கோ! சூதாடின காசு!"

"ஐயோ, சூதாடினீரோ?"

"வெண்டனான்!"

அவர் நின்றார். மூச்சு வாங்கியது. "அப்ப சரி" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "முழுச் சுத்தும் சுத்திப்போட்டு வாரும், காசு குடுத்ததுதானே!" என்று கத்தினார். வண்டிக்காரர் தொப்பியைக் கழற்றி அவருக்கு வணக்கம் சொன்னார்.

அதன்பிறகு இவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஜப்பானியர்கள் புறப்பட்ட அன்று மாலை, ஹோட்டலில் உணவு பரிமாறும் பரிசாரகர் ஒருவரின் கறுப்புக் கோட்டையும் கழுத்துப்பட்டியையும் இரவல் வாங்கிக்கொண்டு என்னோடு கசினோவுக்கு வந்தார். விளையாட அல்ல, பார்க்க மட்டும் என்று வாசலில் இரண்டுமுறை சொன்னார். மேசையருகே கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். கோட் அப்படி நிற்கவைத்ததோ என்னவோ. கொஞ்ச நேரத்தில் ஒரு பருத்த கனவான் இவரைக் கூப்பிட்டு இரண்டு கோப்பி கேட்டார். நான் திடுக்கிட்டுப் போனேன். இவரோ தலையசைத்துவிட்டுப் போய், உள்ளே சொல்லி, தட்டில் இரண்டு கோப்பியோடு வந்தார். கனவான் கோப்பிக்குக் காசும், இவருக்கென்று மேலதிகமாகக் கைக்காசும் கொடுத்தார்.

"என்னப்பா இது? வெக்கமில்லையோ?" என்றேன் வெளியே வந்ததும்.

"என்னத்துக்கு வெக்கம்? அந்தாள் கோப்பி கேட்டது, குடுத்தன்" என்றார். கைக்காசைச் சட்டைப்பையில் போட்டு மேலே ஒருதரம் தட்டிக்கொண்டார். விளையாடாமலே கசினோவில் உழைத்தவர் எனக்குத் தெரிந்து இவர் ஒருவர்தான்.

கடைசிக் காலையில் ஷெஃப் எங்கள் அறைக்கு வெள்ளித் தட்டில் கோப்பி அனுப்பினார். இருவரும் பலகணியில் இருந்தோம். தூக்கம் தெளிந்த கண்ணால் இவர் அப்போதுதான் மலையைப் பார்த்தார்.

"இதைப் பாக்கவோ இவ்வளவு சனம் வருது?"

"ஓம்."

"வரலாம்தான்" என்றார். என் தோளில் கையை வைத்திருந்தார். அந்தக் கை சொரசொரவென்று இருந்தது. எனக்கு மிச்சக் கோபமும் அங்கேதான் போனது. கோப்பி முடிந்ததும் கோப்பைகளைக் குளியலறைக்குக் கொண்டுபோய், கழுவி, தட்டில் கவிழ்த்து வைத்தார்.

ஷ்லீரனுக்கு வந்ததும், கொண்டுபோன காசைவிடக் கூடிய காசோடு திரும்பி வந்த விடுமுறையைப் பற்றி இவர் எல்லோரிடமும் கதைத்தார். ஆலோசனை கேட்டு ஆட்கள் வீட்டுக்கே வந்தார்கள். ஒரு தம்பதி இவர் சொன்னதை அப்படியே பின்பற்றி, சீசனுக்கு முன்பாக, அரைவிலைக் கார்டோடும் ரைஸ் குக்கரோடும், லுசேர்ணில் தெரிந்தவருடைய ஹோட்டல் அறைக்குப் போனார்கள். அங்கே யாரும் வழுக்கி விழவில்லை. தெரிந்தவருடைய அறையில் இடம் இல்லாமல், குசினியில் உருளைக்கிழங்கு மூட்டைகளுக்குப் பக்கத்தில் படுத்துவிட்டுத் திரும்பி வந்தார்கள். அந்தப் பெண் என்னோடு பல மாதம் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. எங்கள் சிக்கனத்துக்கு முழுக் காரணமும் யாரோ ஒருவருடைய கை முறிந்ததுதான் என்பதை இவர் எவருக்கும் சொல்லியிருக்கவில்லை.