நுகர்வோர் எண்

கணவர் ஆஸ்பத்திரியில் கிடந்த இரண்டு மாதமும் தையல்காரம்மாவின் கடை பூட்டியே இருந்தது. ஆனாலும் மின்சார பில் வழக்கத்தைவிட மூன்று மடங்கு வந்தது. "மீட்டர் பொய் சொல்லாதும்மா" என்று மின்சார அலுவலகத்தில் கையை விரித்துவிட்டார்கள். "அப்ப நான் சொல்றேனா?" என்று எரிந்து விழுந்தவள், நேரே போய் நுகர்வோர் மன்றத்தில் மனுப் போட்டாள்.

விசாரணை அன்று அலுவலகத்தின் வக்கீல் எழுந்தார். "ஐயா, இது கடைக்கு வாங்கின இணைப்பு. இவங்க வியாபாரி, நுகர்வோர் இல்ல. இதை விசாரிக்க இந்த மன்றத்துக்கு அதிகாரமே கிடையாது."

அவளுக்குச் சுருக்கென்றது. கழுத்தில் அளவு நாடா தொங்க எழுந்துபோய்ப் பில்லை நீட்டினாள்.

"முதல் வரியைப் படிங்க ஐயா. 'நுகர்வோர் எண்'னு போட்டிருக்கு. பணம் வாங்குறப்ப நான் நுகர்வோர், நியாயம் கேட்டா வியாபாரியா?"

மன்றத் தலைவர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "எத்தனை மெஷின் வச்சிருக்கீங்க?"

"ஒண்ணுதான். தைக்கிறதும் நான் ஒருத்திதான்."

"சொந்த உழைப்புல பிழைக்கிறவங்க நுகர்வோர்தான். வழக்கை விசாரிக்கலாம்."

வக்கீலின் முகம் சுண்டிப்போயிற்று. வெளியே வந்ததும் அவள் அவரைக் கூப்பிட்டாள். "சார், கோட்டுல பட்டன் தொங்குது. கடைக்கு வாங்க, தச்சுத் தரேன். காசு மட்டும் வாங்க மாட்டேன். வாங்கினா வியாபாரின்னுடுவீங்க."