ஏழாங்கட்டையில் திறந்துவிட்ட காற்று

மருதப்பனுக்குக் குதிரைகளைப் பற்றித் தெரியாதது என்று எதுவும் இல்லை. அதுதான் அவனுக்கு வினையாக வந்து முடிந்தது. தேக்காவில் ஜமால் முகம்மதுவின் லாயத்தில் பதினெட்டு வருடம் வாடகைக் குதிரைவண்டி ஓட்டியவன். 1913இல் முதலாளி பாதிக் குதிரைகளை விற்றுவிட்டு, பக்கவாட்டில் பிரம்புக் கூடை பூட்டிய மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கினார். வாடகைக்கு விட வாங்கிய அந்த வண்டியையும் மருதப்பன் கையில்தான் ஒப்படைத்தார். அவன் அதை ஓட்டினான் என்பதைவிட வளர்த்தான் என்று சொல்லலாம். சாயங்காலம் கொண்டுவந்து நிறுத்தினால் பெட்ரோல் டாங்கியை இரண்டு தட்டுத் தட்டிக்கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்புவான். புல்லுக்கட்டு ஒன்று போடாததுதான் பாக்கி என்று தேக்காக் கடைக்காரர்கள் கேலி பேசினார்கள்.

வேலையில் குறை சொல்ல முடியாது. விடியலில் வண்டி அசைவதற்கு முன்பே மூன்று சக்கரங்களையும் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துவிடுவான். விரல் அமுங்கினால் பம்பை எடுத்துக் காற்றடிப்பான். கூடையில் ஆள் ஏறும் நாளென்றால் பாரம் தாங்க வேண்டுமே என்று பின் சக்கரத்துக்கு இன்னும் இருபது அடி கூடுதலாக அடிப்பான். இதெல்லாம் முதலாளி சொல்லித் தெரிந்துகொண்டதுதான். அவர் இன்னொன்றும் சொல்லியிருந்தார்.

"டயரு குளுந்து கெடக்கும்போது பாரு மருதப்பா. வழியில தொட்டுப் பாக்காதே. வெயில்ல ஓடுனா அது கல்லு மாதிரிதான் இருக்கும். அப்படியே விட்டுடு."

மருதப்பன் தலையாட்டினான். தலையாட்டுவதில் அவனை மிஞ்ச அந்தத் தெருவில் ஆள் கிடையாது. ஆனால் பதினெட்டு வருடப் பழக்கம் தலையிலா இருக்கிறது, கையில் அல்லவா இருக்கிறது. குதிரைவண்டி எங்கே நின்றாலும் அவன் கை முதலில் வயிற்றுவாருக்குத்தான் போகும். ஓடி வந்த பிராணி நன்றாக மூச்சு வாங்கட்டும் என்று வாரை ஒரு துளை தளர்த்திவிடுவான். மோட்டார் சைக்கிளுக்கு வயிற்றுவார் இல்லை, டயர் இருந்தது. சூடேறி விறைத்து நிற்கும் டயரைக் கண்டால் அவனுக்கு மனசு கேட்காது. வால்வு மூடியைத் திருகிக் கொஞ்சம் காற்றைத் திறந்துவிடுவான். நகருக்குள் நல்ல சாலையில் இரண்டு மைல் மூன்று மைல் ஓட்டத்தில் அதனால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. கெடாததால் அதுவே சரி என்று இருந்துவிட்டான்.

அந்த வருடம் நவம்பரில் ஒரு நாள், முற்பகலில், வடிவேலு என்பவன் லாயத்துக்குள் ஓடி வந்தான். சுவா சூ காங் பக்கம் ஓர் அன்னாசித் தோட்டத்தில் வேலை செய்பவன். அவன் மனைவி செல்லக்கண்ணுவுக்கு முந்தின இரவு வலி கண்டிருந்தது. தலைப்பிரசவம். குழந்தையின் கை முதலில் வெளியே வந்துவிட்டதாகவும், தோட்டத்துக் கிழவிகள் இனித் தங்களால் ஆகாது என்று ஒதுங்கிக்கொண்டதாகவும் சொன்னான். பாதி வழி நடந்து, பாதி வழி மாட்டுவண்டியில் தொற்றிக்கொண்டு வந்திருந்தான். ஆஸ்பத்திரியில் படித்த மருத்துவச்சி சந்திரமதி இரண்டு சந்து தள்ளிக் குடியிருந்தாள். பத்து நிமிடத்தில் அவள் பெட்டியோடு கூடையில் ஏறி உட்கார்ந்தாள். வடிவேலு மருதப்பனுக்குப் பின்னால் சாமான் கட்டும் கம்பியில் தொற்றிக்கொண்டான்.

"கை வந்து எவ்வளவு நேரமாச்சு?" என்று சந்திரமதி கேட்டாள்.

"நான் கெளம்பும்போது விடியலம்மா."

அவள் பெட்டியை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். "வேகமாப் போ மருதப்பா" என்றாள்.

மருதப்பன் போனான். புக்கித் தீமா சாலையில் அன்றைக்கு அடித்த வெயிலுக்குத் தார்ப்பாய் போர்த்திய மாட்டுவண்டிகள்கூட மரத்தடியில் ஒதுங்கியிருந்தன. மூன்று பேரின் பாரத்தை இழுத்துக்கொண்டு ஏழாவது மைல்கல்லான ஏழாங்கட்டைக்கு வருவதற்குள் எஞ்சின் கொதித்துத் திக்கித் திணறியது. ஐந்து நிமிடம் ஆறவிட்டே தீர வேண்டும். நிழலில் நிறுத்தினான். இறங்கினான். கை தானாகவே பின் சக்கரத்துக்குப் போனது. டயர் சுட்டது, கல்லாக இருந்தது. முதலாளி சொன்னது ஞாபகம் வராமலில்லை. வந்தது, வந்த வழியே போய்விட்டது. வால்வைத் திறந்தான்.

"என்ன சத்தம் அது?" என்றாள் சந்திரமதி.

"ஒண்ணுமில்ல நர்சம்மா. ரொம்ப வெறச்சுக் கெடக்கு, கொஞ்சம் மூச்சு விட்டுக்கட்டும்."

பாரம் அதிகம் என்று பயந்து வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகமாகவே விட்டான். பாரம் அதிகமானால் காற்றும் அதிகம் வேண்டும் என்று விடியலில் தெரிந்த அதே ஆள்தான். அவனை என்னவென்று சொல்வது!

ஒன்பதாங்கட்டையில் வானம் இருண்டது. பத்தில் கொட்டித் தீர்த்தது. கல் சாலை முடிந்து செம்மண் பாதை தொடங்கியபோது மழையில் டயர் குளிர்ந்து, உள்ளே இருந்த கொஞ்சக் காற்றும் சுருங்கிவிட்டது. வண்டியின் பின்புறம் தள்ளாடுவதை மருதப்பன் உணர்ந்தான். சேறுதான் காரணம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு இன்னும் முறுக்கினான். ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறும்போது டயர் ரிம்மின் மேல் வழுக்கி டியூபையும் சேர்த்து இழுத்தது. மிச்சமிருந்த காற்று ஒரே மூச்சில் வெளியேறியது.

இறங்கிப் பார்த்தான். வால்வு டியூபிலிருந்து வேரோடு பிய்ந்து வந்திருந்தது. ஓட்டையென்றால் ஒட்டுப் போடலாம். வால்வே பிய்ந்த டியூபுக்கு உலகத்தில் எந்த ஒட்டும் கிடையாது. மாற்று டியூப் ஒன்று இருந்ததைப் போன வாரம்தான் மாட்டினார்கள். அடுத்தது சீமையிலிருந்து கப்பலில் வர வேண்டும்.

"இன்னும் எவ்வளவு தூரம்?" என்றாள் சந்திரமதி.

"நாலு கட்டைம்மா" என்றான் வடிவேலு.

கணுக்கால் புதையும் சேற்றில் நாலு மைல் நடந்தால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். பாதையில் ஒரு வண்டி மாடும் கண்ணில் படவில்லை. இது தானாக நடந்ததல்ல, தன் கை செய்த வேலை என்பது மருதப்பனுக்குத் தெள்ளத்தெளிவாகத் தெரிந்தது. மழை முதுகில் அறைந்துகொண்டிருந்தது. பாதையின் இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு லாலாங் புல் அடர்ந்து நின்றது. சட்டென்று அவன் நெம்புகோலை எடுத்து டயரின் ஒரு பக்கத்தை ரிம்மிலிருந்து கழற்றி, செத்த டியூபை உருவி எறிந்தான்.

"வடிவேலு, புல்லப் பறி. பறிச்சுக் குடுத்துக்கிட்டே இரு. காத்துக்குப் பதிலா அத அடைச்சுப் பாக்குறேன்."

சந்திரமதியும் கூடையிலிருந்து இறங்கிப் புல்லை நோக்கிக் கையை நீட்டினாள்.

"நீங்க தொடாதீங்கம்மா! கத்தி மாதிரி அறுக்கும். உங்க கை வேணும்."

அவள் கையை இழுத்துக்கொண்டாள். பெட்டியில் கத்தரிக்கோல் இருந்தது, அது தொப்புள்கொடி அறுக்க வேண்டிய கத்தரிக்கோல். இரண்டு கைகளையும் முந்தானைக்குள் பொதிந்துகொண்டு மழையில் நின்றாள். எதுவும் செய்யாமல் நிற்பதுதான் அப்போது அவள் வேலை, அது மற்ற இருவரின் வேலையைவிடக் கொடுமையானது. "சீக்கிரம்" என்று ஒருமுறை சொன்னாள்.

வடிவேலு பறித்தான். மருதப்பன் புல்லைக் கயிறாகத் திரித்துத் திரித்து டயருக்குள் திணித்தான். கால் பங்கு அடைத்தபோதே கை முழுக்க ரத்தம். தளர்வாக அடைத்தால் அரைக் கட்டையில் பிதுங்கிவிடும் என்பதால் குதிகாலால் மிதித்து இறுக்கினான். டயர் விளிம்பை மறுபடி ரிம்மில் மாட்டும்போது நெம்புகோல் இரண்டு முறை வழுக்கியது. எல்லாம் முடிய முக்கால் மணி நேரம் ஆனது. அதற்குப் பிறகு வண்டி ஓடியது. குலுங்கிக் குலுங்கி, மனிதன் ஓடும் வேகத்தில்தான், ஆனால் நிற்காமல் ஓடியது.

தோட்டத்துக் கொட்டகைக்குள் சந்திரமதி போனதும் கதவு சாத்தப்பட்டது. ஆண்கள் இருவரும் வெளியே கூரைச் சாரலில் நின்றார்கள். செல்லக்கண்ணுவின் குரல் முதலில் பெரிதாகக் கேட்டது. பிறகு முனகலாகக் கேட்டது. பிறகு கேட்கவே இல்லை. வடிவேலு சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டான். மருதப்பன் தனக்குத் தெரிந்த சாமிகளின் பெயரையெல்லாம் சொன்னான். குழந்தை அழும் சத்தத்துக்காக உடம்பெல்லாம் காதாக நின்றான். அந்தச் சத்தம் வரவே இல்லை.

வெகுநேரம் கழித்துக் கதவு திறந்தது. சந்திரமதியின் முகம் வெளுத்திருந்தது.

"தாய் பொழச்சிக்குவா. ரத்தம் நின்னுடுச்சு" என்றாள். கையைத் துடைத்தாள். "புள்ள இல்ல. நான் வந்து கை வைக்கும்போதுகூட லேசாத் துடிச்சுது. அரை மணி முன்னாடி வந்திருந்தா ரெண்டையும் காப்பாத்தியிருப்பேன்." சொன்ன பிறகுதான் சொல்லியிருக்க வேண்டாம் என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். திரும்பி உள்ளே போய்விட்டாள்.

வடிவேலு அழுதான். அழுது முடித்துவிட்டு, புல் கீறிய மருதப்பனின் கைகள் இரண்டையும் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

"நீங்க இல்லேன்னா அவளும் போயிருப்பாண்ணே. உங்களுக்கு நான் என்ன செய்யப்போறேன்."

மருதப்பன் பேசாமல் இருந்திருக்கலாம். யாருக்குத் தெரியும்? சந்திரமதிக்கு டயரைப் பற்றி ஒன்றும் தெரியாது. சேறு, பள்ளம், கெட்ட நேரம் என்று எத்தனையோ இருந்தன சொல்வதற்கு. ஆனால் அந்தக் கண்ணீர் தன் கையில் பட்டதை அவனால் தாங்க முடியவில்லை.

"ஏழாங்கட்டையில நிறுத்துனேனே," என்றான், "அப்ப நாந்தான் டயருலேருந்து காத்த எடுத்துவிட்டேன். எடுக்கக்கூடாதுன்னு மொதலாளி சொல்லியிருக்காரு. அதனாலதான் பிஞ்சுது. எடுக்கலைன்னா நேரா வந்திருக்கலாம்."

வடிவேலு பிடித்திருந்த கைகளை மெல்ல விட்டான். அடிப்பான் என்று மருதப்பன் எதிர்பார்த்தான், அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தான். வடிவேலு அடிக்கவில்லை. சாத்தியிருந்த கதவையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"அவகிட்ட இதச் சொல்லிடாதீங்க" என்றான் கடைசியில். "விதின்னு நெனச்சுக்கிட்டுத் தூங்கட்டும்."

"நீ?"

"நான் தூங்காம இருந்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டு வடிவேலு மனைவியைப் பார்க்க உள்ளே போனான்.